எம்ஜிபி காரில் வி8: ஆயில் ஹோஸ் ஓட்டுவது, ஃபில்டரைத் தள்ளி வைப்பது

ரோவர் நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் வி8 என்ஜினை, எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். என்ஜின் உட்கார்ந்துவிடும், கியர்பாக்ஸ் பொருந்திவிடும், ரேடியேட்டரை எப்படியாவது முன்னே தள்ளிவிடலாம். ஆயில் ஃபில்டருக்கு மட்டும் இடம் கிடைக்காது. இந்த என்ஜினில் ஆயில் பம்ப் முன்பக்க அட்டையின் அடியில் இருக்கிறது. ஃபில்டர் அந்தப் பம்பின் மூடியிலேயே திருகி மாட்டப்படுகிறது. ரோவரின் பெரிய கார்களில் அதைச் சுற்றிக் காலி இடம் உண்டு. எம்ஜிபியில் அதே இடத்தில் முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டமும் ஸ்டியரிங் ரேக்கும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

எம்ஜி கார்கள் செய்த அபிங்டன் ஆலைக்கும் இதே தொல்லைதான். 1973 முதல் 1976 வரை அங்கே 2,591 எம்ஜிபி ஜிடி வி8 கார்கள் செய்தார்கள். அவற்றில் ஃபில்டரைப் பம்பிலிருந்து பிரித்து, ஹோஸ் வழியாகத் தனியே வைத்தார்கள். அதற்கு முன்பே, 1970களின் தொடக்கத்திலேயே, கென் காஸ்டெல்லோ தன் பட்டறையில் எம்ஜிபிக்குள் இதே 3528 சிசி என்ஜினை இறக்கி விற்றுக்கொண்டிருந்தார். அதனால் இது யாரும் போகாத பாதை இல்லை. ஆனாலும் முதல் தடவை செய்கிறவருக்கு எதை முதலில் தொடுவது என்று தெரியாது. ஆயில் மாற்றத் தெரியும், ஹோஸ் செய்து பழக்கமில்லை என்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கடையில் பளபளவென்று ஒரு பெட்டியில் ஃபில்டரைத் திருகி மாட்டும் தலை, ஸ்டீல் சடை போட்ட ஹோஸ், நீலமும் சிவப்புமாக ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து விற்பார்கள். அதை இப்போது வாங்காதீர்கள். எந்த நீளம், எத்தனை டிகிரி வளைவு, எந்த மரை என்பதெல்லாம் உங்கள் காரில் ஹோஸ் போகும் வழியைப் பொறுத்தது. வழி முடிவான பிறகு வாங்கினால் பாதிச் செலவில் முடியும்.

இந்த என்ஜினின் குணம்

எம்ஜிபியோடு வந்த நாலு சிலிண்டர் என்ஜினில் ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ வரை ஆயில் அழுத்தம் காட்டும். அதைப் பார்த்துப் பழகியவர் வி8-இன் மீட்டரைப் பார்த்தால் பதறிப்போவார். சூடான நிலையில் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் 30 முதல் 40 பிஎஸ்ஐ, அவ்வளவுதான். ஐடிலில் இன்னும் கீழே இறங்கிவிடும். என்ஜினில் கோளாறு ஒன்றும் இல்லை. 1961-இல் அமெரிக்காவில் ப்யூக் கார்களுக்காக வந்த அலுமினிய வி8 இது. 1965-இல் ரோவர் அதன் உரிமையை வாங்கியது. குறைந்த அழுத்தத்தில் நிறைய ஆயிலை ஓட்டுவதுதான் இதன் வேலை முறை.

அதனால்தான் ஹோஸின் அளவு இங்கே முக்கியமாகிறது. கையில் அழுத்தமே கொஞ்சம். அதில் ஒரு பகுதியை ஒல்லியான ஹோஸும் கூர்மையான வளைவுகளும் தின்றுவிட்டால் பேரிங்குக்கு என்ன மிஞ்சும்? ஹோஸ், ஃபிட்டிங் அளவை ஏஎன் என்ற அமெரிக்கத் தர எண்ணில் சொல்வார்கள். அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் எத்தனை பங்கு என்பதை அந்த எண் குறிக்கிறது. ஏஎன்-8 என்றால் அரை அங்குலம், ஏஎன்-10 என்றால் 5/8 அங்குலம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் குளிர்ந்த, கெட்டியான ஆயில் ஒரு குழாயில் போகும்போது ஏற்படும் அழுத்த இழப்பு, விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் அரை அங்குல ஹோஸில் இழப்பு 5/8 ஹோஸைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வருகிறது. இந்த என்ஜினுக்கு ஏஎன்-10தான் என் சிபாரிசு. அரை அங்குலத்தில் ஓடும் கார்கள் இல்லாமல் இல்லை. புதிதாகச் செய்யும்போது ஏன் அந்தக் கஞ்சத்தனம்?

ஆயில் எப்படிப் போகிறது

ஒரு தாளை எடுத்து வரைந்துகொள்ளுங்கள். என்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பிலிருந்து பம்ப் உறிஞ்சுகிறது. பம்பிலிருந்து வெளியே வரும் ஹோஸ் ஃபில்டர் தலைக்குப் போகிறது. ஃபில்டரைத் தாண்டிய ஆயில் இரண்டாவது ஹோஸ் வழியாகப் பம்பின் மூடிக்கே திரும்பி, அங்கிருந்து என்ஜினின் பிரதான வாய்க்காலுக்குள் நுழைகிறது. ஹோஸ் இரண்டே இரண்டுதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதல் ஹோஸில் ஏதாவது துகள் கிடந்தால் ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதில் கிடந்தால் நேரே பேரிங்தான், நடுவில் தடுக்க யாரும் இல்லை. திரும்பி வரும் ஹோஸுக்கு இப்போதே ஒரு மஞ்சள் டேப்பைச் சுற்றி அடையாளம் வையுங்கள். கடைசி வரை அந்த அடையாளம் இருக்கட்டும்.

திசை மாறினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். திருகி மாட்டும் ஃபில்டரில் வெளி வட்டத்தில் உள்ள சின்ன ஓட்டைகள் வழியாக ஆயில் உள்ளே போய், நடு ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும். வெளி ஓட்டைகளுக்கு உட்புறம் ஒரு ரப்பர் மடல் இருக்கிறது. என்ஜின் நின்றதும் ஆயில் பின்னோக்கி வடிந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. ஹோஸ்களை மாற்றி மாட்டினால் அதே மடல் மொத்த ஓட்டத்தையும் அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் தலையில் உள்ளே, வெளியே என்று குறி இருக்கும். குறியை மட்டும் நம்பாமல் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். உள்ளே என்று குறித்த துளையில் ஊதினால் காற்று வெளி வட்டத்தில் வர வேண்டும்.

இன்னொன்று. ஃபில்டர் அடைத்துப்போனால் ஆயில் சுற்றிப்போக ஒரு பைபாஸ் வால்வு தேவை. தள்ளி வைக்கும் தலைகள் சிலவற்றில் அது இருக்காது. தலையில் இல்லையென்றால் ஃபில்டருக்குள்ளேயே பைபாஸ் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஆயில் கூலர் வேண்டுமா? சாதாரண ரோட்டில், மிதமான வேகத்தில் ஓட்டுகிறவர் முதலில் ஃபில்டரை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். கூலர் என்றால் இன்னும் ஹோஸ், இன்னும் ஃபிட்டிங், லீக் ஆகப் புது இடங்கள். அவசியம் என்றால் பம்ப், கூலர், ஃபில்டர் என்ற வரிசையில் வையுங்கள். கூலரில் தங்கிய அழுக்கையும் ஃபில்டர் பிடிக்கும். கூடவே 80 டிகிரிவாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட்டும் போடுங்கள். குளிர்நாட்டுக் காலையில் ஆயில் சூடாகவே விடாமல் கூலர் குளிர்வித்துக்கொண்டிருந்தால் அது நன்மை இல்லை. கூலரின் வாய்கள் மேலே பார்க்கட்டும், இல்லையென்றால் பக்கவாட்டில். கீழே பார்த்தால் உள்ளே காற்று தங்கும்.

ஃபில்டருக்கு இடம் பார்ப்பது

பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். காலியாகத் தெரியும் இடமெல்லாம் காலி இல்லை. நாலு விஷயங்களை மனதில் வைத்துத் தேட வேண்டும்.

சூடு முதலாவது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு நேர் மேலே ஃபில்டர் வரக் கூடாது. ஓடும்போது வரும் சூடு ஒரு பக்கம் இருக்கட்டும். ஃபில்டரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் சிந்தும் ஆயில் எங்கே விழும் என்று யோசியுங்கள். இந்த மாற்றத்துக்கு இரண்டு வகை மேனிஃபோல்டு புழக்கத்தில் உண்டு. ஒன்று என்ஜினை ஒட்டிக் கீழே இறங்கும் வார்ப்பு இரும்பு வகை. மற்றது 1993 முதல் 1995 வரை வந்த எம்ஜியின் ஆர்வி8 காரைப் பின்பற்றி, உள் மட்கார்டில் ஓட்டை போட்டு வெளியே போகும் குழாய் வகை. உங்களுடையது இரண்டாவது வகை என்றால், ஃபில்டருக்கு வசதி என்று தோன்றும் உள் மட்கார்டுப் பகுதியில் பாதி ஏற்கெனவே போயிற்று. மேனிஃபோல்டை மாட்டாமல் ஃபில்டருக்கு இடம் குறிப்பது வீண் வேலை.

அசையும் பாகங்கள் இரண்டாவது. ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் தண்டும் அதன் மூட்டும் சுழலும்போது எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று விரலை வைத்து அளங்கள். ஃபேன், பெல்ட், ஆக்சிலரேட்டர் இணைப்பு எல்லாம் இதே கணக்கில் வரும்.

மூன்றாவது, கை நுழைய வேண்டும். ஃபில்டரைத் திருகிக் கழற்ற அதன் கீழே ஒரு சாண் இடமாவது வேண்டும், ஒரு கிண்ணம் வைக்கவும் வழி வேண்டும். மரைப் பக்கம் மேலே, டப்பா கீழே தொங்கும்படி வைத்தால் ரொம்ப நல்லது. என்ஜின் நின்ற பிறகும் ஃபில்டர் நிறைந்தே இருக்கும், கழற்றும்போது ஆயில் கைவழியே ஓடாது. தலைகீழாக, டப்பா மேலே இருக்கும்படி வைத்தால் ரப்பர் மடலை மட்டும் நம்பி இருக்க வேண்டும். சாய்வாக வைப்பது பரவாயில்லை.

நான்காவது, மாட்டும் தகடு. ஆயில் நிறைந்த ஃபில்டரும் தலையும் இரண்டு ஹோஸும் சேர்ந்தால் நல்ல கனம் வரும். அம்பது வருஷத்து மெல்லிய தகட்டில் இரண்டு போல்ட் போட்டுத் தொங்கவிட்டால் அதிர்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு விடும். தகட்டின் மறுபக்கம் 3 மிமீ கனத்தில் உள்ளங்கை அகல இரும்புத் தகட்டை வைத்து, இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு சிக்கும்படி இறுக்குங்கள். ஓட்டை போட்ட இடத்தில் பெயின்ட் அடிக்க மறக்காதீர்கள். பிரிட்டிஷ் காரில் துருவுக்கு அழைப்பிதழ் தேவையில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் தாழ்வாக வைப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். டயர் தெறிக்கும் ஒரு கல் போதும்.

பழைய ஹோஸில் ஒத்திகை

இடம் தோராயமாகத் தெரிந்ததும் ஃபில்டர் தலையை ஒரு கிளாம்ப் போட்டு அங்கே பிடித்து வையுங்கள். ஓட்டை இன்னும் போட வேண்டாம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் அல்லது பழைய ஹீட்டர் ஹோஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஎன்-10 சடை ஹோஸின் வெளி விட்டம் உத்தேசமாக 2 செ.மீ. இருக்கும், அதே தடிமனில் இருந்தால் போதும். அதைப் பம்ப் மூடியின் வாயிலிருந்து ஃபில்டர் தலை வரை ஓட்டிப் பாருங்கள். ரப்பர் ஹோஸ் எங்கே நசுங்கி மடிகிறதோ, அங்கே நேர் ஃபிட்டிங் ஒத்துவராது, 45 அல்லது 90 டிகிரி ஃபிட்டிங் தேவை. வளைந்த ஃபிட்டிங் வாங்கும்போது குழாயாக நீண்டு வளைந்ததை வாங்குங்கள். ஒரே கட்டியில் இரண்டு துளை குத்தி மூலையில் சந்திக்க வைத்த வகையில் ஆயில் முட்டித் திரும்பும்.

என்ஜினின் ஆட்டத்தையும் இப்போதே பார்க்க வேண்டும். வி8 முறுக்கும்போது ரப்பர் மவுன்டில் ஒரு பக்கமாகச் சாயும். ஃபில்டர் பாடியில் இருக்கிறது, பம்ப் என்ஜினில் இருக்கிறது. நடுவில் உள்ள ஹோஸ் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். விறைப்பாக நேர்கோட்டில் இழுத்த ஹோஸ் ஒவ்வொரு தடவையும் ஃபிட்டிங்கைப் பிடித்து இழுக்கும். ஒரு மெல்லிய வளைவு விட்டு, 3 முதல் 5 செ.மீ. தளர்வு வையுங்கள். ஒருவர் நீண்ட கம்பியால் என்ஜினை நெம்ப, இன்னொருவர் ஹோஸைப் பார்த்தால் தேவையான தளர்வு கண்ணுக்கே தெரியும்.

ஒத்திகை ஹோஸில் வெட்ட வேண்டிய இடம், ஃபிட்டிங் பார்க்கும் திசை, கிளிப் வரும் இடம் எல்லாவற்றையும் மார்க்கரில் குறித்துவிடுங்கள். அப்புறம் கடைக்குப் போகலாம்.

மரை: கண்ணை நம்ப வேண்டாம்

இந்த வேலையில் அதிகம் ஏமாற்றுவது மரைதான். பிரிட்டிஷ் பாகங்களில் பிஎஸ்பி என்ற பிரிட்டிஷ் குழாய் மரை வரும், ஏஎன் ஃபிட்டிங்கில் யுஎன்எஃப் என்ற அமெரிக்க வகை மரை. 5/8 பிஎஸ்பிக்கு வெளி விட்டம் 22.9 மிமீ, அங்குலத்துக்கு 14 மரை. ஏஎன்-10-இல் வரும் 7/8 யுஎன்எஃப்-க்கு விட்டம் 22.2 மிமீ, அதற்கும் அங்குலத்துக்கு 14 மரை. மரை எண்ணிக்கை ஒன்றே என்பதால் 7/8 ஃபிட்டிங் 5/8 பிஎஸ்பி வாய்க்குள் சமர்த்தாகத் திருகிக்கொண்டு போகும். கொஞ்சம் லொடலொடக்கும், அவ்வளவுதான். இறுக்கும்போது அலுமினிய மரை உரிந்து கையோடு வரும். இல்லையென்றால் அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு, ரோட்டில் சூடும் அழுத்தமும் ஏறிய பிறகு கழன்றுகொள்ளும். ஒரு டிஜிட்டல் காலிப்பரும் மரை அளக்கும் கேஜும் இல்லாமல் ஃபிட்டிங் வாங்கப் போக வேண்டாம். திருகும்போது முதல் மரையிலிருந்தே ஆட்டமில்லாமல் போக வேண்டும், ஆடினால் நிறுத்துங்கள்.

எது எதால் அடைபடுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஏஎன் ஃபிட்டிங்கில் 37 டிகிரி கூம்பும் கூம்பும் உலோகத்தோடு உலோகமாக உட்கார்ந்து அடைக்கின்றன. மரைக்கு அங்கே இறுக்கிப் பிடிக்கிற வேலை மட்டும்தான். அதில் டெஃப்ளான் டேப் சுற்றினால் பிரயோசனமும் இல்லை, கிழிந்த துணுக்கு ஆயிலோடு போய் எங்காவது அடைக்கும் அபாயமும் உண்டு. நேரான பிஎஸ்பி மரை என்றால் டௌட்டி வாஷர் போட வேண்டும். உலோக வளையத்தின் உள் விளிம்பில் ரப்பர் ஒட்டியிருக்கும் அந்த வாஷர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கூம்பு வடிவ மரைக்கு மட்டும்தான் மரையில் பூசும் சீலர். அதையும் முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுப் பூசுங்கள்.

அடாப்டர் வாங்கும்போது அதன் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வெளியே 5/8 என்று பெருமையாக இருக்கும் சில அடாப்டர்களின் உள்துளை அரை அங்குலம்கூடத் தேறாது. ஹோஸைப் பெரிதாக வாங்கிவிட்டு நடுவில் இப்படி ஒரு கழுத்தைப் போட்டு என்ன பயன்?

ஹோஸ் வெட்டி ஃபிட்டிங் ஏற்றுவது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

வெட்டும் இடத்தில் ஒட்டும் டேப்பை மூன்று நாலு சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். டேப்பின் நடுவில் கோடு போட்டு, மெல்லிய கட்டிங் வீல் போட்ட கிரைண்டரில் நேராக வெட்டுங்கள். கிரைண்டர் இல்லையென்றால் அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு. கத்தரியோ கட்டிங் பிளையரோ வேண்டாம். சடை பிரிந்து முள்ளாக விரியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ரப்பர் எரியும் நாற்றத்துக்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

வெட்டிய வாயைப் பாருங்கள். உள்ளே கறுப்புத் தூளும் கம்பித் துணுக்குகளும் ஒட்டியிருக்கும். மஞ்சள் டேப் ஹோஸில் இவற்றில் ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பிரேக் கிளீனரை அடித்து, நூல் பிரியாத துணியைக் கம்பியில் கட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து, காற்று அடித்து, மறுபடி இழுங்கள். துணி வெள்ளையாக வரும் வரை இதே வேலைதான். பிறகு இரண்டு முனையிலும் டேப்பை ஒட்டி மூடுங்கள்.

ஃபிட்டிங்கில் இரண்டு துண்டு: ஹோஸைக் கவ்வும் உறை, உள்ளே நுழையும் மூக்கு. உறையை வைஸில் பிடியுங்கள். அலுமினியம் என்பதால் வைஸின் பல் படாமல் மெத்தென்ற தாடை போடுங்கள். சுற்றிய டேப்போடு ஹோஸை உறைக்குள் இடப்புறமும் வலப்புறமும் அசைத்துத் தள்ளுங்கள். ஒரு சடைக் கம்பி பிரிந்து நின்றாலும் விரலில் ஏறும். கையுறை போட்டாலும் ஏறும். உறையின் உள்ளே மரை தொடங்கும் இடம் வரை ஹோஸ் போனால் போதும். இப்போது உறையின் ஓரத்தில், ஹோஸின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். இந்தக் கோடுதான் உங்கள் சாட்சி.

மூக்கிலும் ஹோஸின் உள்ளேயும் என்ஜின் ஆயில் தடவி, மூக்கை உறைக்குள் கையால் திருகத் தொடங்குங்கள். முதல் மரை பிடித்த பிறகு ஸ்பேனர். மூக்கு உள்ளே போகப் போக ஹோஸை வெளியே தள்ளப் பார்க்கும். கோட்டைப் பாருங்கள்: உறையை ஒட்டியே இருந்தால் சரி. ஒன்றிரண்டு மிமீ விலகினால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகியிருந்தால் ஹோஸ் நழுவியிருக்கிறது, கழற்றி மறுபடி செய்ய வேண்டும். மூக்குக்கும் உறைக்கும் நடுவே 1 மிமீ இடைவெளி வரும்போது நிறுத்துங்கள். முதல் முனை செய்ய நேரம் எடுக்கும். நாலாவது முனை தானாக வரும். முடித்ததும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். மூக்கு நுழையும்போது ரப்பரைச் சீவி ஒரு மடலாக எழுப்பியிருந்தால், அது ஓட்டத்துக்கு நடுவே கதவு போல நிற்கும். அப்புறம் மறுபடி ஒரு தடவை உள்ளே சுத்தம்.

இவ்வளவு வேண்டாம் என்றால் ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் அளவும் திசையும் கொடுத்து அழுத்தி முடுக்கிய ஹோஸாகச் செய்து வாங்கலாம். விலையும் பெரும்பாலும் குறைவு, நம்பகமும் அதிகம். பார்வைக்குப் பந்தய கார் மாதிரி இருக்காது, அதனால் பலருக்குப் பிடிப்பதில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. அங்கே செய்தாலும் உள்ளே சுத்தம் செய்யும் வேலை உங்களுடையதுதான்.

காரில் மாட்டுவது

காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போக வேண்டாம். ஃபில்டர் தலையை நிரந்தரமாக இறுக்கிய பிறகு, இரண்டு ஹோஸையும் இரு முனையிலும் கையால் மட்டும் மாட்டுங்கள். ஹோஸின் மேல் எழுத்தோ கோடோ ஓடினால் அது நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சுருண்டு போனால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது. அழுத்தம் ஏறும்போது அது நட்டைத் தளர்த்தும். இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒன்று ஃபிட்டிங்கைப் பிடிக்க, மற்றது நட்டைத் திருப்ப. அலுமினியக் கூம்புக்கு வலிமையைக் காட்ட வேண்டாம். லீக் ஆனால் இன்னும் இறுக்குவதைவிட, கழற்றிக் கூம்பில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பார்ப்பது மேல்.

ஸ்டீல் சடை ஓர் அரம். பெயின்ட், வயர், தண்ணீர் ஹோஸ், அலுமினியம் எது பக்கத்தில் இருந்தாலும் மெல்ல மெல்ல ராவிவிடும். அதனால் 30 செ.மீ.க்கு ஒன்றாக ரப்பர் உறை போட்ட பி-கிளிப் வேண்டும். தகட்டில் உள்ள ஓட்டை வழியாகப் போனால் ரப்பர் வளையம் கட்டாயம். பெட்ரோல் குழாயோடும் பேட்டரி கேபிளோடும் சேர்த்துக் கட்டக் கூடாது. கேபிள் டை அவசரத்துக்கு உதவும், சூட்டில் நொறுங்கும். மேனிஃபோல்டுக்கு ஒரு கையகலத்துக்குள் ஹோஸ் போகிறதென்றால் வெப்ப உறை போடுங்கள், அல்லது நடுவில் ஒரு தகட்டை நிறுத்துங்கள். தகடுதான் எனக்குப் பிடித்தது. உறைக்குள் லீக் ஆனால் வெளியே தெரியாது, ஆயில் ஊறிய உறை தீப்பிடிக்கவும் செய்யும்.

வாசலின், டிரில், முதல் ஸ்டார்ட்

ரோவர் வி8-இல் பம்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். அவற்றைச் சுற்றி ஆயில் இல்லாமல் காற்று நிறைந்துவிட்டால், பம்ப் சம்பிலிருந்து ஆயிலை மேலே இழுக்காது. என்ஜினைச் சுற்ற விட்டுக்கொண்டே இருப்பீர்கள், மீட்டர் முள் அசையாது. இதற்கு மருந்து வாசலின். பல்சக்கரங்கள் இருக்கும் குழியை விரலால் வாசலின் அப்பி, மூலை முடுக்கெல்லாம் காற்று இல்லாமல் நிரப்ப வேண்டும். தாராளமாகவே அப்புங்கள், சூடான ஆயிலில் அது கரைந்துவிடும். கிரீஸ் கரையாது, அதைப் போடாதீர்கள். மூடிக்குச் சரியான கனமுள்ள புது கேஸ்கெட் போடுங்கள். அதன் கனம்தான் பல்சக்கரத்துக்கும் மூடிக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கிறது. தடியான கேஸ்கெட் போட்டால் பம்ப் ஆயிலைத் தள்ளாமல் உள்ளேயே நழுவ விடும்.

ஃபில்டரில் முக்கால் அளவு ஆயில் ஊற்றி ஊற விடுங்கள். அதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, தலையைத் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று கையால் திருகுங்கள். ஏஎன்-10 ஹோஸ் மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.2 லிட்டர் பிடிக்கும். வழக்கமான அளவைவிட அவ்வளவு கூடுதலாக ஆயில் தேவைப்படும் என்பதை நினைவில் வையுங்கள்.

டிஸ்ட்ரிப்யூட்டர் தண்டின் அடிமுனை பம்பை ஓட்டும் வகை என்ஜினில் ஒரு நல்ல வசதி உண்டு. 1990களின் நடுவில் வந்த, கிராங்க் தண்டே பம்பை ஓட்டும் என்ஜின்களில் இது முடியாது. டிஸ்ட்ரிப்யூட்டரின் ரோட்டர் எங்கே பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு அதை வெளியே எடுங்கள். பம்பின் தண்டில் பொருந்தும் முனையுள்ள நீண்ட கம்பியை டிரில்லில் மாட்டி, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் மெதுவாகச் சுற்றுங்கள். முதலில் டிரில் லேசாக ஓடும். சட்டென்று அதன் குரல் மாறும், வேகம் இறங்கும், கையில் முறுக்கு தெரியும். ஆயில் ஏறிவிட்டது. மீட்டரைப் பாருங்கள், ஒருவரை ஃபிட்டிங் ஒவ்வொன்றாக டார்ச்சோடு பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடாமலே, எக்ஸாஸ்ட் சூடாகாமலே எல்லா லீக்கையும் இந்த நேரத்தில் பிடித்துவிடலாம்.

பிறகு டிஸ்ட்ரிப்யூட்டரைக் குறித்த இடத்திலேயே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். 10 விநாடிக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஓடினால் வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அழுத்தம் வந்ததும் ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சில நிமிடம் கழித்து ஆயில் குச்சியைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள்.

மீட்டருக்குப் போகும் சென்ஸரை ஃபில்டருக்கு அப்பால், என்ஜினின் பிரதான வாய்க்காலில் வையுங்கள். ஃபில்டர் தலையின் உள்வாயில் வைத்தால் ஃபில்டரும் ஹோஸும் தின்ற அழுத்தம் கணக்கில் வராமல், நல்ல எண்ணாகவே காட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு

முதல் தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பின் எல்லா நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிட்டிங்கின் அடியிலும் வெள்ளைத் தாளால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைத் தாள் காட்டும். 100 கி.மீ. ஓட்டிய பின் ஃபில்டரைக் கழற்றி, டப்பாவை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கறுப்பு ரப்பர் துணுக்கு கிடைத்தால் முதல் ஹோஸில் சுத்தம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியென்றால் இரண்டாவதையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. வருஷத்துக்கு ஒரு தடவை கிளிப் இருக்கும் இடங்களில் ஹோஸைத் தூக்கி அடியில் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். சடை வெளியே புதிதாக மின்னினாலும் உள்ளே ரப்பருக்கு வயதாகும்; ஹோஸ் போட்ட தேதியை ஒரு சின்னத் தகட்டில் எழுதிக் கட்டி வையுங்கள்.

இப்போது உங்கள் காரில் இருக்கும் ஃபில்டர் எந்த எம்ஜி பட்டியலிலும் இருக்காது. அதன் எண், மரை அளவு, கூடுதல் ஆயில் எவ்வளவு என்ற மூன்றையும் பானெட்டின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த சர்வீஸுக்கு வேறு ஒரு மெக்கானிக் கை வைக்கும்போது, பட்டியலைப் பார்த்து வேறு எதையோ கொண்டுவந்து திருகிவிடக் கூடாது.